இரண்டு விரல் கூடுதல்

மாதேஸ்வரியின் அங்கன்வாடியில் குழந்தைகளை அளப்பதற்கென்று தனி முறை ஒன்று இருந்தது. தாய் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மாதேஸ்வரி குழந்தையின் முதுகுப் பக்கமாக வந்து, தையற்காரர்கள் கழுத்தில் போட்டிருப்பது போன்ற மஞ்சள் டேப்பை உச்சந்தலையில் வைத்து, பிடரி, முதுகு, இடுப்பு, தொடை என்று ஓட்டிக் குதிகாலில் பிடிப்பாள். குழந்தை திரும்பிப் பார்ப்பதற்குள் வேலை முடிந்துவிடும். அழுகையும் இல்லை, தாயோடு வாக்குவாதமும் இல்லை. இந்த முறையைக் கண்டுபிடித்ததில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அளப்பதற்கு அரசு கொடுத்த பலகை இல்லாமல் இல்லை. இரண்டு வயது முடியாத குழந்தையை அந்தப் பலகையில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முழங்காலை மெதுவாக அழுத்தி, பாதத்தில் கட்டையைத் தள்ளி எண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டு முடிந்துவிட்டால் நிற்கவைத்தே அளக்கலாம்.

ஆறு வருடங்களுக்கு முன்பு அவள் இந்த மையத்துக்கு வந்த புதிதில் அப்படித்தான் அளந்தாள். ஒருநாள் ஒரு தாய் பலகையைக் காலால் தள்ளிவிட்டு, பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு கத்தினாள். "படுக்க வெச்சி நீளம் பாக்கறது பாடை கட்டறதுக்குத்தான். உசுரோட இருக்கற புள்ளைய எவளாச்சும் அளப்பாளா?" அடுத்த மாதம் சத்துமாவு வாங்கக்கூடப் பாதித் தாய்மார்கள் வரவில்லை.

உதவியாளர் நஞ்சம்மாதான் அப்போது யோசனை சொன்னாள். "பேடம்மா, அந்தப் பலகை சகவாசமே வேணாம். கண்ணுக்குத் தெரியாம வெச்சிடுங்க டீச்சரம்மா. நான் சுடுகாட்டுக்குப் பக்கத்து வூட்டுல பொறந்தவ, எனக்கே அதப் பாக்க முடியல." நஞ்சம்மா கன்னடக்காரி. பயந்தால் முதல் வார்த்தை கன்னடத்தில்தான் வரும். அன்றோடு பலகை சமையலறைக்குப் போயிற்று. அதன்மேல் முட்டைத் தட்டுகள் ஏறின.

ஓசூரிலிருந்து தொரப்பள்ளி போகும் வழியில், கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றும் ஓரிடத்தை ஒட்டி இருக்கிறது அந்த மையம். பின்னால் வரிசையாக லைன் வீடுகள். தெற்கே இருந்தும் நடுத் தமிழ்நாட்டிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் ஒரு பக்கம், நிலத்தை விட்டுவிட்டு வந்த உள்ளூர்க் குடும்பங்கள் ஒரு பக்கம். எல்லோருக்கும் சேர்த்து நான்கு கழிப்பறை, ஒரு தண்ணீர்த் தொட்டி. மாதேஸ்வரிக்கு வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்புக்குள் ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கல்யாணமான பிறகு கன்னடம். எந்தத் தாய் எந்த மொழியில் அழுதாலும் அவளால் பதில் சொல்ல முடியும். அதனாலேயே அவளை எல்லோருக்கும் பிடிக்கும். அந்தப் பிரியத்தை இழப்பதுதான் அவளுக்கு உலகத்திலேயே பெரிய பயம்.

ஜோதிமணி இரண்டு வருடங்களுக்கு முன்பு சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்தவள். செல்போனுக்குள் போகும் நுணுக்கமான பாகங்களைக் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பொருத்தும் வேலை. அவள் புருஷன் மாடசாமிக்கு அலுமினியம் உருக்கி ஊற்றும் கம்பெனி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் இருவரும் எதிரெதிர் ஷிஃப்டில் போனார்கள். மதியம் இரண்டு மணிக்கு மாடசாமி பஸ்ஸிலிருந்து இறங்குவான். அதே நிறுத்தத்தில் ஜோதிமணி ஏறுவாள். இரண்டு பஸ்ஸும் நிற்கிற அந்த இரண்டு நிமிடத்தில் மகன் கௌதம் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறுவான். பிள்ளை என்ன சாப்பிட்டான், எத்தனை தடவை வெளிக்குப் போனான் என்பதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்துக்குள் சொல்லியாக வேண்டும். பாதி சொல்வதற்குள் ஹாரன் அடித்துவிடும்.

கௌதம் சின்ன உடம்புக்காரன். சிரித்த முகம். ஆனால் மாதம் தவறாமல் ஏதாவது ஒன்று வரும். வயிற்றுப்போக்கு, அது நின்றால் இருமல், அது நின்றால் காய்ச்சல்.

"டீச்சர், இவன் வயசுப் புள்ளைய எல்லாம் எவ்ளோ வளத்தி! இவன் மட்டும் வளரவே மாட்டேங்கான்" என்பாள் ஜோதிமணி.

"உன்னைவிட உன் வூட்டுக்காரரு உயரமா?"

"அவுக எனக்குக் காது வரைக்கும்தான் வருவாக."

"அப்புறம் புள்ள மட்டும் தென்னை மரமாட்டம் வருவானா? என்னைப் பாரு. அஞ்சடி கூட இல்ல. ஓடியாடி வேலை செய்யலையா?"

"ஆமாமா" என்பாள் நஞ்சம்மா அடுப்படியிலிருந்து. "டீச்சரம்மா மேல் அலமாரில இருக்கற டப்பா எடுக்கறதுக்குத்தான கெவர்மெண்டு என்னை வேலைக்கு வெச்சிருக்குது."

மூவரும் சிரிப்பார்கள். மாதேஸ்வரி பதிவேட்டில் எண்ணை எழுதுவாள். டேப் உடம்பின் வளைவுகள் மேலெல்லாம் ஏறி இறங்கி, சட்டைமேலும் ஜட்டிமேலும் ஓடி, உண்மையான நீளத்தைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாகக் காட்டுகிறது என்பதை அவள் யோசித்துப் பார்த்ததில்லை. யோசிக்கவும் விரும்பவில்லை என்பதே சரி. அவளுடைய மையத்தில் வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் ஒன்றிரண்டுக்கு மேல் இல்லை என்று மேலதிகாரி ஒரு கூட்டத்தில் எழுந்து நிற்கவைத்துப் பாராட்டியிருந்தார்.

ஜூன் மாதம் ஒரு தொண்டு அமைப்பிலிருந்து அருணா என்ற நர்ஸ் வந்தாள். கிருஷ்ணகிரிக்காரி. பேச்சு சுருக்கமாக இருக்கும். கடலை, பால்பவுடர், எண்ணெய், சர்க்கரை எல்லாம் சேர்த்து அரைத்த பசை பாக்கெட்டுகளை அவள் கொண்டுவந்திருந்தாள். சமைக்க வேண்டாம், முனையைக் கிழித்துப் பிழிந்து ஊட்டினால் போதும். வயதுக்குத் தேவையான நீளம் இல்லாத, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் தினம் ஒன்று. இரண்டு வயதோடு நிறுத்திவிடுவார்கள்.

"ஏன் ரெண்டோட நிறுத்தறீங்க?" என்று கேட்டாள் மாதேஸ்வரி.

"அதுக்குள்ள விட்டதப் புடிச்சாத்தாங்க்கா உண்டு. அப்புறம் குடுத்தா எடை போடும், நீளம் பெருசா வராது. குட்டையா இருக்கறது பெரிய விஷயமில்ல. இந்தப் புள்ளைங்களுக்கு நோய் வந்தா தாங்காது, எழுந்துக்க நாளாவும். எழுந்துக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடும்."

அருணா பதிவேட்டைப் பார்த்துத்தான் பட்டியலுக்குப் பெயர்களை எடுத்தாள். வளர்ச்சி அட்டையில் பதினெட்டு மாதப் பையனுக்குக் குறைந்தபட்ச நீளம் என்று போட்டிருந்த கோடு எழுபத்தேழு சென்டிமீட்டர். கௌதமுக்கு எழுபத்தேழரை என்று இருந்தது. கோட்டுக்கு மேலே அரை சென்டிமீட்டர். அவன் பெயர் பட்டியலில் வரவில்லை. மையம் முழுவதற்கும் இரண்டே பிள்ளைகள்தான் தேறினார்கள். அதில் ஒருத்தி லாவண்யா, ஜோதிமணிக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை.

ஜோதிமணி விஷயத்தைக் கேள்விப்பட்டு ஓடிவந்தாள். "எம்புள்ளைக்குக் கிடையாதா டீச்சர்?"

"உன் புள்ள நல்லா இருக்கான்னு கணக்கு சொல்லுதும்மா. சந்தோஷப்படு."

ஜோதிமணி சந்தோஷப்படத்தான் பார்த்தாள். அட்டையில் பச்சை நிறத்தில் இருந்த புள்ளியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே சத்துமாவுதான் அவளுக்கும் கிடைத்தது. அதைக் களியாகக் கிண்டி ஊட்டுவாள். வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் அதையும் நிறுத்திவிடுவார்கள். வயிற்றைக் காயப்போட்டால்தான் போக்கு நிற்கும் என்பது மாடசாமி வீட்டு வழக்கம். நிறுத்தாதீர்கள் என்று மாதேஸ்வரி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இரண்டு நிமிடக் கைமாற்றத்தில் அந்தப் பேச்சு எங்கே தங்கும்?

ஆகஸ்டில் ஒரு காலை. மையத்தின் சுவரில் பெரிய பிள்ளைகளுக்காக வரைந்த ஒட்டகச்சிவிங்கி ஒன்று உண்டு. கழுத்து நெடுக எண்கள் எழுதியிருக்கும். கௌதம் தத்தக்கா பித்தக்கா என்று நடந்துபோய் அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றான். நேராக நின்றான். அவன் தலை எழுபத்துநான்கில் முட்டியது.

முந்தின நாள்தான் மாதேஸ்வரி அவனுக்கு எழுபத்தொன்பது என்று எழுதியிருந்தாள்.

அவள் நஞ்சம்மாவைப் பார்த்தாள். நஞ்சம்மாவும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நிற்கும்போது கொஞ்சம் குறையும் என்று இருவருக்கும் தெரியும். ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையாது. ஐந்து குறையுமா?

"புள்ள வளைஞ்சி நிக்கறான்" என்றாள் மாதேஸ்வரி.

"ஆமா, வளைஞ்சிதான் நிக்கறான்" என்றாள் நஞ்சம்மா. அடுப்படிக்குப் போய், பலகைமேலிருந்த முட்டைத் தட்டுகளை ஒவ்வொன்றாக நேராக்கினாள்.

அன்றிரவு மாதேஸ்வரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். நேற்று எழுபத்தொன்பது என்று எழுதிய பிள்ளைக்கு இன்று எழுபத்துநான்கு என்று எப்படி எழுதுவது? உலகத்தில் எந்தப் பிள்ளையாவது குறையுமா? இவன் ஒருவனுடைய எண்ணைத் திருத்தினால் முப்பத்தொரு பிள்ளைகளின் எண்களையும் திருத்த வேண்டும். ஆறு வருடக் கணக்கும் சாயும். பலகையை எடுத்தால் தாய்மார்கள் வரமாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் சத்துமாவும் போகாது, தடுப்பூசியும் போகாது. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனாள். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. கடைசியில், அடுத்த மாதம் பையன் வளர்ந்து அந்த எண்ணை எட்டிப் பிடித்துவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதிவேடு முன்னால் ஓடியது. பிள்ளை பின்னால் தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தான்.

எட்டிப் பிடிக்கவில்லை. செப்டம்பரில் மழை பிடித்தது. தொட்டித் தண்ணீர் கலங்கி வந்தது. லைன் வீடுகளில் பிள்ளைகளுக்கெல்லாம் வாந்தியும் பேதியும் கண்டது. லாவண்யாவும் படுத்தாள். மூன்று நாளில் எழுந்து, நஞ்சம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரிந்தாள். கௌதம் எழுந்திருக்கவில்லை. மாடசாமி வழக்கப்படி வயிற்றைக் காயப்போட்டான். வெறும் வரக்காப்பியும் கஞ்சித் தண்ணீரும். ஜோதிமணி வேலை முடிந்து வந்து பால் கொடுக்கப் பார்த்தாள். அவனுக்கு உறிஞ்சத் தெம்பில்லை. மூன்றாம் நாள் கண் உள்ளே போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்து நாள் குளுக்கோஸ் ஏறியது.

திரும்பி வந்தபோது அவன் சிரிப்பதை மறந்திருந்தான். தாயின் தோளில் துணி மாதிரி கிடந்தான். நடை போய்விட்டது.

அந்த வாரம் அருணா வந்தாள். வாசலில் ஜோதிமணியைப் பார்த்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"யாரு புள்ள இது? எத்தனை மாசம்?"

"இருபத்தொண்ணு" என்றாள் ஜோதிமணி.

"அக்கா, இவன் ஏன் என் லிஸ்ட்ல இல்ல?"

மாதேஸ்வரி பதிவேட்டை எடுக்கத் திரும்பினாள். அருணா அதற்குள் பையிலிருந்து மடக்குப் பலகையை எடுத்து விரித்துத் தரையில் வைத்துவிட்டாள். "படுக்க வைங்க, பாத்துடலாம்."

ஜோதிமணி இரண்டடி பின்னால் போனாள். "மாட்டேன். படுக்க வச்சி அளக்கக் கூடாது. ஆசுபத்திரியிலேருந்து இப்பத்தான் உசுரோட கொண்டாந்திருக்கேன். டீச்சர் தோள்ல வச்சித்தான் அளப்பாக. டீச்சர், நீங்க சொல்லுங்க. எங்க எல்லாத்துக்கும் நீங்க அப்படித்தான அளப்பிய?"

அருணா திரும்பினாள். "தோள்ல வெச்சா? டேப்புலயா?"

நஞ்சம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். பிள்ளை தாயின் கழுத்தடியிலிருந்து மாதேஸ்வரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஈ ஒன்று அவன் கன்னத்தில் உட்கார்ந்தது. அவன் கையைத் தூக்கவில்லை.

"நான் அளந்தது தப்பு" என்றாள் மாதேஸ்வரி.

"என்ன டீச்சர்?"

"உன் புள்ளைக்கு நான் எழுதுன கணக்கு தப்பு ஜோதி. டேப்பு கூடக் காட்டும். போன மாசமே எனக்குத் தெரியும். அந்தச் சுவத்துல அவன் நின்னப்பவே தெரியும். நான் சொல்லல. நீங்கல்லாம் வராம போயிடுவீங்கன்னு படுக்க வெக்கல, அப்புறம் மாட்டிக்குவன்னு சொல்லல. நீ இப்ப படுக்க வெச்சாத்தான் இவனுக்கு அந்த பாக்கெட்டு கெடைக்கும்."

ஜோதிமணி அவளையே பார்த்தாள். கோபமா, புரியவில்லையா என்று தெரியாத முகம். பிறகு குனிந்து, தானே மகனைப் பலகையில் படுக்கவைத்தாள். வைக்கும்போது அவள் உதடு எதையோ முணுமுணுத்தது. ஊர்ச் சாமியாக இருக்கும்.

வழக்கமாகப் பலகையில் வைத்தால் பிள்ளைகள் வீடு அதிர அழும், காலை உதைக்கும். முழங்காலைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். கௌதம் அழவில்லை. வைத்தபடி கிடந்தான். மாதேஸ்வரி தலையைப் பிடித்தாள். மயிர் தவிட்டு நிறத்தில் மெலிந்திருந்தது. அருணா கட்டையைத் தள்ளி எண்ணைப் படித்தாள். எழுபத்தைந்து.

"எழுபத்தொம்பதுலேருந்து எழுபத்தஞ்சு" என்றாள் அருணா, பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே. "புள்ள குறையுமாக்கா?" அவள் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் மாதேஸ்வரிக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

ஜோதிமணி மகனை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள். "ஜூன் மாசம் குடுத்திருந்தா, இவன் இப்படி விழுந்திருக்க மாட்டானா?"

அருணா முந்திக்கொண்டாள். "அப்படிச் சொல்ல முடியாதும்மா. அதச் சாப்பிட்டா நோயே வராதுன்னு இல்ல. தண்ணி அப்படி இருக்குது. லாவண்யாவுக்கும் வந்துச்சில்ல?"

"லாவண்யா மூணு நாள்ல எந்திரிச்சிட்டா" என்றாள் ஜோதிமணி. அவள் கேள்வி அருணாவிடம் இல்லை.

அருணா நீட்டிய அந்தச் சமாதானத்தை மாதேஸ்வரி எடுத்துக்கொண்டிருக்கலாம். பொய்யும் இல்லை. "நோய் வந்திருக்கும்" என்றாள். "கொஞ்சம் தாங்கியிருப்பான்."

ஜோதிமணி தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் மாதேஸ்வரியிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பாக்கெட் தொடங்கியது. அவன் பிறந்தது டிசம்பர் கடைசியில். இரண்டு வயது முடிய மூன்று மாதம் இருந்தது. கௌதம் முதல் வாரம் நக்கித் துப்பினான். இரண்டாம் வாரம் விழுங்கினான். மூன்றாம் வாரம் பாக்கெட்டைக் கண்டாலே கையை நீட்டினான். மாடசாமியும் வயிற்றைக் காயப்போடுவதை விட்டான். நவம்பரில் மறுபடி வயிற்றுப்போக்கு வந்தது. நான்கு நாளில் எழுந்துவிட்டான். அடுத்து இருமல். அதிலிருந்தும் எழுந்தான். எழும் ஒவ்வொரு தடவையும் சேர்த்துவைத்ததில் பாதி போய்விடும். பாக்கெட் கட்டுவதை நோய் இடிக்கும், மறுபடி பாக்கெட் கட்டும். அப்படியே ஓடியது மூன்று மாதமும். நடை மட்டும் திரும்பி வந்தது.

அதற்குள் மாதேஸ்வரி முட்டைத் தட்டுகளை இறக்கிவிட்டுப் பலகையைக் கழுவினாள். தாய்மார்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னாள். சிலர் திட்டினார்கள், ஒருத்தி முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். ஐந்து பேர் வேறு மையத்துக்குப் போய்விட்டார்கள். மீதி இருபத்தாறு பேரை அளந்ததில் பதினோரு பேர் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். பதினோரு பேருக்கும் பாக்கெட் கேட்டு அருணா எழுதிப்போட்டாள். டிசம்பரோடு திட்டம் முடிகிறது, புதிதாகச் சேர்ப்பதற்கில்லை என்று பதில் வந்தது. நல்ல மையத்தில் ஒரே மாதத்தில் பதினோரு பிள்ளைகள் எப்படிக் குன்றிப்போனார்கள் என்று விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து மாதேஸ்வரிக்கும் ஒரு கடிதம் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினாள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கடிதம் முன்னால் வந்து நின்றது.

டிசம்பர் கடைசியில் கௌதமுக்கு இரண்டு முடிந்தது. காலையிலேயே ஜோதிமணி கூட்டிக்கொண்டு வந்தாள். புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம். சட்டை ஒரு வயதுப் பிள்ளைக்கான அளவு என்று கழுத்துப் பட்டையில் எண் சொல்லியது. அவன் கையில் அன்றைய பாக்கெட். அதுதான் கடைசி. அவன் அதன் முனையைச் சப்பிக்கொண்டிருந்தான்.

நஞ்சம்மா பலகையை எடுக்கப் போனாள். மாதேஸ்வரி தடுத்தாள்.

"வேணாம் நஞ்சக்கா. ரெண்டு முடிஞ்சிடுச்சி. இனிமே நிக்க வெச்சித்தான் அளக்கணும்."

"இனிமே படுக்க வேண்டாமா?" என்று கேட்டாள் ஜோதிமணி.

"வேண்டாம்மா."

ஜோதிமணி மகனை நடத்திக்கொண்டுபோய் ஒட்டகச்சிவிங்கிமேல் சாய்த்து நிறுத்தினாள். குதிகால் சுவரில் படும்படி மாதேஸ்வரி குனிந்து பாதங்களைச் சரிசெய்தாள். அவன் நேராக, அசையாமல் நின்றான். நல்ல பிள்ளையாக நின்றான். அவள் உச்சந்தலையில் அளவுகோலை வைத்துப் படித்தாள். ஒருதரம் படித்துவிட்டு, மறுபடியும் வைத்துப் படித்தாள்.

"எவ்வளவு டீச்சர்?"

எத்தனையோ வருடங்களாக இந்தக் கேள்விக்கு அவளிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. நல்லா இருக்கான் என்பதுதான் அது. அது இன்றைக்கும் நாக்கு நுனி வரை வந்தது.

"எழுபத்தாறு. கோடு எண்பத்தொண்ணுல இருக்குது. அஞ்சு கீழ."

"இனிமே வருமா?"

"கொஞ்சம் வரும். முழுசா வராதும்மா."

வெளியே கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. ஜோதிமணியின் பஸ் இல்லை அது, இருந்தாலும் அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கௌதம் சுவரை விட்டு நகர்ந்து வந்து, பாக்கெட்டை மாதேஸ்வரியிடம் நீட்டினான். பிழிந்து தரச் சொல்கிறான். அவள் அதை வாங்கி அடியிலிருந்து மேலே வரை விரலால் அழுத்தி வழித்தாள். முனையில் ஒரு சொட்டுகூட வரவில்லை. அவன் வாயைத் திறந்தபடி காத்துக்கொண்டு நின்றான்.